1870–1900 அமெரிக்கப் பொதுப்பள்ளிகள்: பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தது சட்டமா, வரிப்பணமா?

கேள்வி: பரிதி

எல்லோருக்கும் வணக்கம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசி 30 ஆண்டுகளில் அமெரிக்காவில் பொதுப்பள்ளிகள் பெருகியதைப் பற்றி மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. கிடைக்கிற சுருக்கங்கள் எல்லாம் ஒரே தடத்தில் ஓடுகின்றன: கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், எழுத்தறிவு கூடியது.

சேர்க்கை 1869-70 கல்வியாண்டில் சுமார் 69 லட்சம். 1899-1900இல் சுமார் 1 கோடியே 55 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் 57 விழுக்காடு 72 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் எதைச் சொன்னால் உண்மை புரியும்? சட்டம்தான் காரணம் என்று எழுதலாமா? அன்றாட வாழ்க்கையில் என்ன மாறியது என்று காட்ட எந்த இடங்களைத் தொடலாம்? தெற்கு மாநிலங்களைத் தனியாக எழுத வேண்டுமா?


மறுமொழி 1: ஏட்டுக்கணக்கு

பரிதி, நீங்கள் தந்திருக்கும் எண்கள் சரி. ஆனால் இரண்டுமே சேர்க்கைப் பதிவேட்டு எண்கள். பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பெஞ்சில் பிள்ளை இருப்பது வேறு. நாள் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், படம் மாறிவிடும்.

1869-70இல் பள்ளி சராசரியாக ஆண்டுக்கு 132 நாள் நடந்தது. சேர்ந்த பிள்ளை சராசரியாக வந்தது 78 நாள். அதாவது பள்ளி திறந்திருந்த 10 நாளில் 4 நாள் வரவில்லை. 1899-1900இல் பள்ளி 144 நாள், வருகை 99 நாள்.

இப்போது பெருக்குங்கள். 1870இல் பள்ளி வயதுப் பிள்ளைகள் 100 பேரில் 57 பேர் சேர்ந்து, ஆளுக்கு 78 நாள் வந்தார்கள். சேராதவர்களையும் உள்ளடக்கி வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 45 நாள் படிப்பு. 1900இல் 72 பேர், 99 நாள்: ஒரு பிள்ளைக்குச் சுமார் 71 நாள். சேர்க்கை விகிதம் கால் பங்குதான் கூடியது. பிள்ளை உண்மையில் பள்ளியில் கழித்த நேரம் பாதிக்கும் மேல் கூடிவிட்டது.

5 முதல் 17 வரை 13 ஆண்டுக்கு அதே வேகத்தில் கணக்கிட்டால், 1870 நிலையில் மொத்தம் 580 நாள், 1900 நிலையில் 925 நாள். ஆண்டுக்கு 180 நாள் என்ற இன்றைய அளவில் சொன்னால் முன்னதற்கு 3 ஆண்டுக்குச் சற்று மேல், பின்னதற்கு 5 ஆண்டு. இது ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு அல்ல, இரண்டு ஆண்டுகளின் நிலையை நீட்டிப் பார்த்த கணக்கு. மாணவர்களிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும். 3 ஆண்டுப் படிப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், கையெழுத்துப் போடலாம். 5 ஆண்டுப் படிப்பில் செய்தித்தாள் வாசிக்கலாம், வட்டிக் கணக்குப் போடலாம், கடிதம் எழுதலாம். வாழ்க்கை மாறியது இந்த இடைவெளியில்தான் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. குடும்பம் நடு ஆண்டில் ஊர் மாறினால் பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளில் பதிவாகும். மாநிலத்திலிருந்து பிள்ளைத் தலைக் கணக்கில் பணம் வரும் இடங்களில் பெயரை அடிக்க யாரும் அவசரப்படவில்லை. அதனால் சேர்க்கையைவிட அன்றாட சராசரி வருகையை நம்புங்கள்: 1870இல் 41 லட்சம், 1900இல் 1 கோடியே 6 லட்சம்.


மறுமொழி 2: வரிக்கல்

ஏட்டுக்கணக்கு காட்டிய அந்தக் கூடுதல் நாட்கள் எங்கிருந்து வந்தன? பணத்திலிருந்து. இதைத்தான் பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகின்றன.

‘பொதுப்பள்ளி’ என்றாலே இலவசம் என்று இன்று நினைக்கிறோம். நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறங்களில் 1867 வரை அப்படி இல்லை. மாநிலமும் ஊரும் கொடுத்த பணம் சில மாதங்களுக்கே போதும். அது தீர்ந்ததும் மீதிச் செலவைப் பெற்றோர் தலையில் பிரித்துப் போடுவார்கள். இதற்கு ‘ரேட் பில்’ என்று பெயர். பிரிக்கும் முறையில்தான் கேடு இருந்தது: பிள்ளை வந்த நாட்களை எண்ணி அதற்கேற்பக் கட்டணம். 3 பிள்ளைகளை 60 நாள் அனுப்பிய வீட்டுக்கு 180 நாள் பில் வரும். ஆகவே அரசுப் பணம் முடிந்த மறுநாளே வகுப்பு பாதியாகும். பிள்ளைகள் நின்றதும் மீதமிருப்பவர்கள் மேல் விழும் பங்கு கூடும், அவர்களும் நிறுத்துவார்கள். ஏழை என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு, ஆனால் ஊரறிய அப்படி எழுதிக் கொடுக்க மானமுள்ள தகப்பன் எவன் முன்வருவான்? பிள்ளையை நிறுத்திவிடுவான்.

நியூயார்க் 1867, கனெக்டிகட் 1868, ரோட் ஐலண்ட் 1868, மிச்சிகன் 1869, நியூ ஜெர்சி 1871. இந்த ஐந்தாண்டுக்குள் வடக்கில் ரேட் பில் ஒழிந்தது. அந்த இடத்துக்கு வந்தது சொத்து வரி: பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலமும் வீடும் வைத்திருப்பவர் கட்ட வேண்டும். உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் இடம் என்றால் இதைப் போடுங்கள்.

மேற்கு மாநிலங்களில் நிலமும் உண்டு. 1785 நிலச் சட்டப்படி ஒவ்வொரு டவுன்ஷிப்பும் (6 மைலுக்கு 6 மைல் நிலப்பகுதி) ஒரு சதுர மைல் அளவுள்ள 36 துண்டுகளாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர். அதில் 16ஆம் எண் துண்டு பள்ளிக்கு. 1848இல் ஆரிகன் பிரதேசம் தொடங்கி 36ஆம் எண்ணும் சேர்ந்தது. யூட்டா 1896இல் மாநிலமானபோது 4 துண்டு. கேட்க நன்றாக இருக்கும். நடப்பில் பல மாநிலங்கள் அந்த நிலத்தை அவசரமாக மலிவு விலைக்கு விற்றன. விற்ற பணத்தை வேறு செலவுக்கு எடுத்தன. குடியேறாத ஊரில் நிலத்துக்கு விலை இல்லை, குடியேறி விலை ஏறும்போது நிலம் கைவிட்டுப் போயிருந்தது. கடைசியில் பள்ளியைத் தாங்கியது உள்ளூர் வரிதான்: 1890 வாக்கில் பள்ளி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

இதே வரியால் உயர்நிலைப் பள்ளி நடத்தலாமா என்பது தனிச் சண்டை. மிச்சிகனின் கலாமசூ நகரில் வரி கட்டுவோர் சிலர் வழக்குப் போட்டார்கள். முன்னாள் செனட்டர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் அவர்களில் ஒருவர். தொடக்கக் கல்விக்குத்தான் வரி, லத்தீனும் பிரெஞ்சும் கற்பதற்கு ஊரார் ஏன் கட்ட வேண்டும் என்பது வாதம். 1874இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் கூலி அதைத் தள்ளினார். மாநிலம் தொடக்கப் பள்ளியும் தருகிறது, பல்கலைக்கழகமும் தருகிறது. நடுப்படியை மட்டும் பணமுள்ளவனுக்கு விட்டுவிடுவது மாநிலக் கொள்கையாக இருக்க முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். பிற மாநில நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றின.

மொத்தச் செலவு 1870இல் 6 கோடியே 30 லட்சம் டாலர், 1900இல் 21 கோடியே 50 லட்சம். சேர்ந்த பிள்ளைக்கு 9 டாலர் சுமார் 14 ஆனது. அந்த 30 ஆண்டில் விலைவாசி ஏறவில்லை, இறங்கியது. ஆகவே உண்மையான ஏற்றம் இதைவிட அதிகம்.


மறுமொழி 3: நிலைப்படி

சட்டம் பற்றிச் சுருக்கமாக.

முதல் சட்டம் மசாசூசெட்ஸ், 1852. 8 முதல் 14 வயது வரை ஆண்டுக்கு 12 வாரம், அதில் 6 வாரம் தொடர்ச்சியாக. மீறினால் 20 டாலர் வரை அபராதம். ஆண்டு முழுக்கப் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன சட்டம் அல்ல அது. 1900க்குள் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இப்படிச் சட்டம் இருந்தது, ஆனால் பல இடங்களில் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஆள் நியமிக்கவே இல்லை. நியூயார்க் மாநிலம் 1874இல் சட்டம் போட்டது; 1894இல் மறுபடி கடுமையாக எழுத வேண்டி வந்தது. பெரிய நகரங்களில் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவந்தால் உட்கார இடம் கிடையாது. இடமில்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு எப்படி அபராதம் போடுவது?

இன்னொரு ஓட்டை வயது. பிறப்புப் பதிவு நாடு முழுக்க ஒழுங்காக இல்லாத காலம். ஆலையில் சேரும் பிள்ளைக்கு வயதுச் சான்று என்றால் பெற்றோர் சத்தியம் செய்து தரும் தாள். 11 வயதுப் பிள்ளையை 14 என்று எழுதினால் மறுக்க ஆதாரம் கிடையாது. 1900 மக்கள்தொகைக் கணக்கில் 10 முதல் 15 வயதுக்குள் வேலை செய்வதாகப் பதிவானவர்கள் 17.5 லட்சம், அந்த வயதினரில் 18 விழுக்காடு. பெரும்பகுதி பண்ணை வேலை. பண்ணையைச் சட்டம் பெரும்பாலும் தொடவே இல்லை.

ஆகவே “சட்டம்தான் காரணம்” என்று எழுத வேண்டாம். ஏற்கனவே பெரும்பாலோர் அனுப்பிக்கொண்டிருந்த மாநிலங்களில்தான் சட்டம் முதலில் வந்தது. பின்தங்கியவர்களை இழுக்கும் கயிறாக அது மாறியது 1900க்குப் பிறகு.


மறுமொழி 4: மைக்கூடு

அன்றாட வாழ்க்கை மாறிய இடம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்றவரைப் பாருங்கள்.

1870இல் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் சுமார் 2 லட்சம், பெண்கள் 1.23 லட்சம். 1900இல் 4.23 லட்சம், பெண்கள் 2.96 லட்சம். 30 ஆண்டில் கூடிய 2.22 லட்சம் இடங்களில் 1.73 லட்சம் பெண்களுக்குப் போயிற்று. வீட்டு வேலை, தையல், ஆலை ஆகிய மூன்றையும் தாண்டிச் சம்பளம் தரும் நான்காவது வேலை இவ்வளவு பெரிய அளவில் பெண்களுக்கு வேறெங்கும் திறக்கவில்லை.

இது பெண்களுக்குச் செய்த தயவு அல்ல. பள்ளி வாரியங்கள் மலிவுக்காகத்தான் அவர்களைத் தேடின. கிராமப் பள்ளி ஆண்டுக்கு இரண்டு பருவம் நடக்கும். கோடையில் சின்னப் பிள்ளைகள் மட்டும், பெண் ஆசிரியர். குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாததால் 16, 18 வயது வாலிபர்களும் வந்து உட்காருவார்கள். அவர்களை அடக்க ஆண் வேண்டும் என்று கூடுதல் சம்பளத்துக்கு ஒருவரைப் பிடிப்பார்கள். குளிர்காலத்தையும் பெண்களே நடத்த முடியும் என்று தெரிந்ததும் வாரியத்துக்குச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில்தான் பருவம் சில வாரம் நீண்டது. ஏட்டுக்கணக்கு சொன்ன 132 நாள் 144 ஆனதில் குறைந்த கூலிக்குப் பாடம் சொன்ன பெண்களின் பங்கு உண்டு. இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

வேலைக்கு வர என்ன தகுதி? கவுண்டிக் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கண்காணிப்பாளர் நடத்தும் தேர்வு. தேறினால் முதல், இரண்டாம், மூன்றாம் தரச் சான்றிதழ். மூன்றாம் தரம் குறுகிய காலத்துக்கே செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். எட்டாம் வகுப்பை முடித்த 16, 17 வயதுப் பெண் மூன்றாம் தரத்தில் தேறி, தன்னைவிட மூத்த மாணவனுக்குப் பாடம் எடுக்கலாம். கோடையில் சில வாரம் நடக்கும் ஆசிரியர் பயிலரங்கம்தான் பலருக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் 1839இல் மசாசூசெட்ஸின் லெக்சிங்டனில் தொடங்கிப் பரவியிருந்தாலும் நாட்டுப்புற ஆசிரியர்களில் அங்கே படித்தவர்கள் குறைவு. ஆசிரியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 1870இல் 189 டாலர், 1900இல் 325. பல நகரங்களில் திருமணம் ஆனால் வேலை போய்விடும்.

இன்னொரு திருப்பம் உயர்நிலைப் பள்ளி. 1900இல் அதை முடித்தவர்கள் சுமார் 95,000. அதில் 57,000 பேர் பெண்கள். 17 வயதினரில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான், 1870இல் 2 விழுக்காடு. ஆனால் இந்தச் சிறு கூட்டம்தான் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகங்களுக்குள் நுழைந்தது. ரெமிங்டன் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது 1874இல். 1900இல் தட்டச்சர், சுருக்கெழுத்தர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பெண்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊரூராகத் தயாராக இருந்திராவிட்டால் பொறி மட்டும் இதைச் செய்திருக்காது.

வரிக்கல் சொன்னதோடு சேரும் ஒரு செய்தி: சிகாகோ ஆசிரியைகள் 1897இல் கூட்டமைப்பு அமைத்தார்கள். தருவதாகச் சொன்ன சம்பள உயர்வைப் பணமில்லை என்று வாரியம் நிறுத்தியது. மார்கரெட் ஹேலியும் கேத்தரின் காகினும் வரிப் பதிவேடுகளைப் புரட்டி, டிராம், எரிவாயு, மின்சார நிறுவனங்கள் தங்கள் தெரு உரிமங்களுக்கு வரியே கட்டவில்லை என்று கண்டுபிடித்து வழக்குத் தொடுத்தார்கள். 1901இல் இலினாய் உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்களை மதிப்பிட்டே ஆக வேண்டும் என்றது. ஓட்டுரிமை இல்லாத பெண்கள் ஒரு நகரத்தின் வரிக் கணக்கைத் திருத்த வைத்தார்கள்.


பரிதி

மிக்க நன்றி. ரேட் பில் பற்றி இதுவரை கேள்விப்பட்டதில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, எழுத்தறியாமை 1870இல் 20 விழுக்காடு, 1900இல் 10.7 என்ற கணக்கை முழுக்கப் பள்ளியின் பலன் என்று எழுதலாமா? இரண்டு, வகுப்பறைக்குள் நடந்த பாடமுறை எப்படி மாறியது?


மறுமொழி 5: ஏட்டுக்கணக்கு

முதல் சந்தேகத்துக்கு: முழுக்க எழுத வேண்டாம். அந்தக் கணக்கு 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எண்ணுகிறது. 1870இல் எழுதப் படிக்கத் தெரியாத 60 வயதுக்காரர் 1900 கணக்கில் இல்லை, இறந்திருப்பார். அவர் இடத்தில் பள்ளிக்குப் போன பேரன் எண்ணப்படுகிறான். கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள்: அவர்களில் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். அதனால் மொத்த விழுக்காடு பள்ளியின் வேலையை ஒரு பக்கம் கூட்டியும் ஒரு பக்கம் குறைத்தும் காட்டும். இளம் வயதினரின் கணக்கைத் தனியாக எடுப்பதே நேர்மை. மேலும், கணக்கெடுப்பாளர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை; வீட்டுக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டார்.

வாசகர் கூட்டம் பெருகியதற்கு வெளியில் இருந்து ஒரு சான்று வேண்டுமென்றால் நாளிதழ்கள்: 1870இல் 574, விற்பனை 26 லட்சம் படி, 1900இல் 2,226, ஒன்றரைக் கோடி படி. மலிவான மரக்கூழ்க் காகிதமும் விரைவு அச்சுப்பொறியும் இதில் பங்குதாரர்கள், மறக்க வேண்டாம்.


மறுமொழி 6: சிலேட்டு

வகுப்பறை பற்றி. இரண்டு உலகங்கள் அருகருகே நடந்தன.

கிராமத்தில் ஓரறைப் பள்ளி. 1910களில்கூட 2 லட்சத்துக்கு மேல் இருந்தன. காலை 9 முதல் மாலை 4; சாப்பாட்டுக்கு 1 மணி, இரண்டு இடைவேளை 15 நிமிடம். மிஞ்சுவது ஐந்தரை மணி, அதாவது 330 நிமிடம். முதல் வாசகம் (வாசிப்புப் பாடநூல்) படிப்பவர் முதல் கடைசி வாசகம் படிப்பவர் வரை பல படிகளில் பிள்ளைகள். வாசிப்பு, கணக்கு, எழுத்துக்கூட்டல், புவியியல். 28 பாடவேளை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் கூட இல்லை. அந்த நேரத்தில் ஒரு குழு ஆசிரியர் முன் உள்ள பெஞ்சுக்கு வந்து மனப்பாடம் ஒப்பிக்கும். மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வேர்க்கும், சன்னல் ஓரம் இருப்பவனுக்கு மை உறையும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் புத்தகத்தையே கொண்டுவருவதால் ஒரே படியில் உள்ள மூவரிடம் மூன்று வேறு வாசகங்கள் இருக்கும். பாடவேளை எண்ணிக்கை பெருக இதுவும் காரணம். மசாசூசெட்ஸ் 1884இல் எல்லா ஊர்களும் பாடநூலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் போட்டதன் நடைமுறைப் பயன் இங்கேதான்: ஒரே நூல், ஒரே குழு.

இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு, அதைப் பலர் பார்ப்பதில்லை. வேகமாகப் படிக்கும் பிள்ளை வயதுக்குக் காத்திருக்க வேண்டாம். விதைப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து வருபவன் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.

நகரத்தில் இது தலைகீழ். பாஸ்டனில் 1848இல் திறந்த குவின்சி பள்ளிதான் அச்சு. ஜான் ஃபில்பிரிக் தலைமையாசிரியர். 12 வகுப்பறை, ஒவ்வொன்றிலும் 56 பேருக்கு ஆளுக்கொரு மேசை, அறைக்கு ஓர் ஆசிரியர், வயதுப்படி வகுப்பு. அதற்கு முன் நியூயார்க்கில் 1806 முதல் பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்து மூத்த மாணவனைக் கொண்டு இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை நடந்தது. ஜோசப் லங்காஸ்டர் பெயரில் வழங்கினாலும் அதே வகை முறையை முன்பே சென்னையின் ஆண் அநாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் நடத்தி, 1797இல் வெளியிட்டிருந்தார். மணலில் எழுதிப் பழகும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துத் தொடங்கியது அது. குவின்சி மாதிரி பரவியதும் சட்டாம்பிள்ளை முறை மறைந்தது.

வயதுப்படி வகுப்பு வந்ததும் கூடவே வந்தவை: ஆண்டுத் தேர்வு, தேர்ச்சி, தோல்வி, மணியடிப்பு, தாமத வருகைப் பதிவு. ‘தோற்றவன்’ என்ற பிள்ளை இந்த அமைப்பு உண்டாக்கிய புதுவகை. ஓரறைப் பள்ளியில் மெதுவாகப் படிப்பவன் இருந்தான், தோற்றவன் இல்லை. செயின்ட் லூயிஸ் கண்காணிப்பாளர் வில்லியம் டோரி ஹாரிஸ் நேரந்தவறாமையை வெளிப்படையாகவே பாடமாக வைத்தார். ரயிலும் ஆலையும் ஓடும் ஊருக்கு அது வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரே 1873இல் சூசன் ப்ளோவுடன் சேர்ந்து பொதுப்பணத்தில் மழலையர் வகுப்பைத் தொடங்கினார். ஆலைக் குடும்பங்களின் பிள்ளைகள் 10 வயதில் நின்றுவிடுகிறார்கள், முன்னதாகச் சேர்த்தால் ஓரிரு ஆண்டு கூடக் கிடைக்கும் என்ற நேர்க்கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது.


மறுமொழி 7: நிலைப்படி

மொழிச் சண்டையையும் ஒரு பத்தியில் தொடுங்கள். ஜெர்மன் குடியேறிகள் நிறைந்த சின்சினாட்டியில் 1840 முதல் பொதுப்பள்ளியிலேயே ஜெர்மன் இருந்தது. 1889இல் விஸ்கான்சின் பென்னட் சட்டம் போட்டது: வாசிப்பு, எழுத்து, கணக்கு, அமெரிக்க வரலாறு ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பித்தால்தான் அது பள்ளி என்று எண்ணப்படும். சமயப் பள்ளிகளுக்கும் சேர்த்து. லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் வழக்கமாக ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒன்றுசேர்ந்தார்கள். 1890 தேர்தலில் ஆளுநர் வில்லியம் ஹோர்ட் தோற்றார், 1891இல் சட்டம் நீக்கப்பட்டது. கட்டாயக் கல்விக்கு வந்த எதிர்ப்பு படிப்புக்கு எதிரானதாகவே இருக்கவில்லை; யார் மொழியில், யார் வேதத்தோடு என்பதே கேள்வி. 1884இல் பால்டிமோரில் கூடிய கத்தோலிக்க ஆயர் மன்றம் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் அருகில் இரண்டு ஆண்டுக்குள் பள்ளி கட்டச் சொன்னதற்கும் இதே பின்னணி.


மறுமொழி 8: பருத்திக்காடு

தெற்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மேலே உள்ள சராசரி எண்கள் எல்லாம் அங்கே பொய்யாகும்.

போருக்கு முன் பல தெற்கு மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம். 1865க்குப் பிறகு விடுதலை பெற்றவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று பள்ளி திறந்தது. கூட்டாட்சி அரசின் விடுதலையர் நலத்துறை 1865 முதல் 1872 வரை உதவியது. 1867-68இல் எழுதப்பட்ட புதிய மாநில அரசியலமைப்புகளில்தான் தெற்கின் பெரும்பகுதிக்கு வரிப்பணப் பொதுப்பள்ளி என்பதே வந்தது. கறுப்பின வாக்காளர்களும் பிரதிநிதிகளும் அந்த மன்றங்களில் இருந்ததால் வந்தது. தெற்கின் ஏழை வெள்ளைப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கும் அவர்களே காரணம் என்று தயங்காமல் எழுதுங்கள். வெள்ளையரல்லாதோரிடையே எழுத்தறியாமை 1870இல் 80 விழுக்காடு, 1900இல் 44.5. ஒரே தலைமுறையில், தடுத்தவர்களுக்கு நடுவே.

தடுத்தது எப்படி என்று படிப்படியாகச் சொல்லலாம். மாநிலப் பணம் கவுண்டிக்குப் பிள்ளைத் தலைக் கணக்கில் வரும்; கறுப்பினப் பிள்ளைகளையும் எண்ணித்தான் வரும். கவுண்டி வாரியம் அதை எப்படிப் பிரித்தது என்பதே முக்கியம். வாக்குரிமை இருந்தவரை ஓரளவு கேள்வி கேட்க முடிந்தது. மிசிசிப்பி 1890இல் வாக்குக்கு வாசிப்புச் சோதனை வைத்தது. 1898இல் லூசியானா, பிறகு மற்றவை. வாக்கு போனதும் வாரியத்தில் கேட்பாரில்லை. கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த கவுண்டியில் வெள்ளைப் பள்ளிக்குப் பணம் தாராளமாகக் கிடைத்தது, ஏனென்றால் தலை எண்ணப்பட்டவர்களுக்குப் பங்கு போகவில்லை. படிக்கவிடாமல் செய்து, படிக்கத் தெரியாததால் வாக்கு இல்லை என்று சொல்லி, வாக்கு இல்லாததால் பள்ளிப் பணத்தைப் பிடுங்கினார்கள். மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் சக்கரம்.

இதை உடைக்கக்கூடிய ஒரு முயற்சி நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் ஹென்றி பிளேர் கொண்டுவந்த மசோதா: 8 ஆண்டில் 7 கோடியே 70 லட்சம் டாலர் கூட்டாட்சிப் பணம், எழுத்தறியாதோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கீடு. அப்படியானால் பெரும்பகுதி தெற்குக்கே போயிருக்கும். 1884, 1886, 1888 மூன்று முறையும் செனட்டில் நிறைவேறியது; கீழவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 1890இல் செனட்டிலேயே தோற்றது.

உயர்நிலைப் பள்ளிக்கு ஜார்ஜியாவின் அகஸ்டா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கல் சொன்ன கலாமசூ வழக்கின் மறுபக்கம் அது. ரிச்மண்ட் கவுண்டி வாரியம் 1880இல் கறுப்பின மாணவர்களுக்கு வேர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. 1897இல் மூடியது: கட்டடத்தில் கறுப்பினத் தொடக்கப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், இரண்டுக்கும் பணமில்லை என்றது. வெள்ளைப் பெண்களின் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் வரிப்பணம் தொடர்ந்து போனது. கமிங் உள்ளிட்ட பெற்றோர் கேட்டது எளிது: எங்களிடமும் வரி வாங்குகிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றால் அந்த வரியில் வெள்ளைப் பள்ளியை நடத்தாதீர்கள். 1899 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. வெள்ளைப் பள்ளியை மூடினால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும், இது மாநிலத்தின் விவகாரம் என்றது தீர்ப்பு. எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன், மூன்று ஆண்டு முன் பிளெஸ்ஸி வழக்கில் இனப்பிரிவினைக்கு எதிராகத் தனித்து நின்ற அதே நீதிபதி. பிளெஸ்ஸி ‘பிரித்து வை, ஆனால் சமமாக’ என்று பெயருக்காவது சொன்னது. கமிங் அந்தப் பெயரையும் கேட்கவில்லை.


பரிதி

கலாமசூ 1874, அகஸ்டா 1899 இரண்டையும் அருகருகே வைத்து எழுதுகிறேன். ஒரே சொத்து வரி, ஒரே உயர்நிலைப் பள்ளி, இரண்டு விடைகள். நாள் கணக்கு முதல் பகுதியில், ரேட் பில் இரண்டாவது, ஆசிரியைகள் மூன்றாவது. வரிக்கல் ஐயா, ஒரு கடைசிக் கேள்வி: ரேட் பில் ஒழிந்ததால் வருகை கூடியது என்று காட்ட எந்த எண்ணைப் பார்க்கலாம்?


மறுமொழி 9: வரிக்கல்

மாநிலக் கண்காணிப்பாளரின் ஆண்டறிக்கையில் இரண்டு பத்திகள் இருக்கும்: பள்ளி நடந்த நாட்கள், அன்றாட சராசரி வருகை. நியூயார்க்குக்கு 1867க்கு முன் ஐந்து ஆண்டு, பின் மூன்று ஆண்டு எடுங்கள். நகரங்களை விலக்கிவிடுங்கள், பெரிய நகரங்களில் சிறப்புச் சட்டப்படி முன்பே இலவசம், அவற்றைச் சேர்த்தால் மாற்றம் மங்கிவிடும். கிராமப் பள்ளி மாவட்டங்களை மட்டும் பாருங்கள். 1867க்கு முந்தைய ஆண்டுகளில் போரிலிருந்து திரும்பிய வாலிபர்கள் குளிர்காலப் பருவத்தில் சேர்ந்திருப்பார்கள், அது எண்ணை ஏற்றிக் காட்டும். அதனால் 1862 முதல் 1866 வரை ஒவ்வோர் ஆண்டாகப் பாருங்கள், ஒரே சராசரியாக அடிக்க வேண்டாம்.